பேயே இல்லாத ‘யார் நீ?’ படத்துக்கு எங்கள் கொங்குப் பக்கத்தில் இன்னும் ஏன் பயப்படுகிறார்கள்?

உடுமலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: “எங்க அப்புச்சிக்கு எழுபத்தஞ்சு தாண்டிருச்சுங்க. ராத்திரி ரேடியோவுல ‘நானே வருவேன்’ பாட்டு வந்தா இன்னிக்கும் எந்திரிச்சுப் போயி நிறுத்திப்போடறாரு. ஆனா ‘யார் நீ?’ மாதிரி ஒரு படம் இனி எவனும் எடுக்க முடியாதுங்கறாரு. நானும் செல்போன்ல முழுசாப் பார்த்தேன், பயமே வரலைங்க. கடைசில பேயே இல்லைன்னு வேற சொல்லிப்போடறாங்க. அப்பறம் என்னத்துக்கு இந்தப் பக்கத்துல வயசானவங்க இத்தனை பேரு அந்தப் படத்தைக் கட்டிக்கிட்டு அழுவறாங்க?”

நல்ல கேள்வி தம்பி. உங்கள் அப்புச்சி (அம்மாவைப் பெற்ற தாத்தா) டூரிங் கொட்டாயில், அதாவது ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டுகிற தியேட்டரில், பார்த்தது பாதிப் படம்தான். மீதிப் பாதி, ஆட்டம் விட்டு வீட்டுக்கு நடந்துவந்த இட்டேரியில், அந்த வேலி நடுவே போகிற வண்டிப் பாதையில், ஓடியது. நீங்கள் அந்த முதல் பாதியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், அதுவும் கை அகலத் திரையில். கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன்.

படத்தின் சங்கதியை முதலில் முடித்துவிடலாம். ‘யார் நீ?’ 1966-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் சத்யம், நடிப்பு ஜெய்சங்கர், ஜெயலலிதா, இசை வேதா, பாடல்கள் கண்ணதாசன். 1964-ல் ராஜ் கோஸ்லா இந்தியில் எடுத்த ‘வோ கௌன் தீ?’ படத்தின் தமிழ் வடிவம். இந்தியில் மனோஜ் குமாரும் சாதனாவும் நடித்திருந்தார்கள். தெலுங்கிலும் அதே 1966-ல் ‘ஆமெ எவரு?’ என்று வந்தது; அங்கேயும் கதாநாயகி ஜெயலலிதாதான், கதாநாயகன் ஜக்கையா.

கதை ஒரு மழை ராத்திரியில் தொடங்குகிறது. ஒரு டாக்டர் தனியாகக் கார் ஓட்டிப் போகிறார். நடு ரோட்டில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண் நிற்கிறாள். ஏற்றிக்கொள்கிறார். அவள் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் நின்றுபோகிறது. அவருக்கு ரோடு தெரியவில்லை; அவளுக்குத் தெரிகிறது, வழி சொல்கிறாள். இறங்குகிற இடம் கல்லறைத் தோட்டம். இந்தி மூலத்தில் அவள் விரலில் ரத்தம் வரும். பதறுகிற டாக்டரிடம், ரத்தம் தனக்குப் பிடிக்கும் என்பாள். பிறகு டாக்டருக்குக் கல்யாணம் ஆகிறது, மணப்பெண்ணுக்கு அதே முகம். மீதியெல்லாம் நீங்கள் பார்த்ததுதான்: சொத்துக்காக டாக்டரைப் பைத்தியமாக்கப் போட்ட திட்டம், ஒரே முகத்தில் இரண்டு பெண்கள், போலீஸ்.

ஜெய்சங்கரைப் போட்டது படத்துக்கு எவ்வளவு பெரிய பலம் என்று யாரும் பேசுவதில்லை. ‘இரவும் பகலும்’ படத்தில் 1965-ல்தான் அவர் அறிமுகமானார். அடுத்த வீட்டுப் பையன் மாதிரி முகம், அப்போது பெரிய வீரர் என்ற பெயரும் இல்லை. இதே கதையில் எம்.ஜி.ஆர். கார் ஓட்டிப் போயிருந்தால், ஏறி உட்கார்ந்த பேயை நினைத்துத்தான் கொட்டாயில் எல்லோரும் கவலைப்பட்டிருப்பார்கள்.

இந்தப் படத்துக்கும் நம் மண்ணுக்கும் ஒரு நேரடிச் சொந்தம் உண்டு, உங்கள் அப்புச்சிக்கும் தெரிந்திருக்கலாம். தயாரித்தவர் பி.எஸ்.வீரப்பா, காங்கேயத்துக்காரர். ‘மகாதேவி’யில் “மணந்தால் மகாதேவி, இல்லையேல் மரணதேவி” என்றும், ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் “சபாஷ், சரியான போட்டி” என்றும் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாரே, அவரேதான். அந்தச் சிரிப்பைக் கேட்டால் கொட்டாயில் மடிக்குழந்தை வீரிட்டு அழும் என்பார்கள். ‘ஆலயமணி’, ‘ஆனந்த ஜோதி’ எல்லாம் அவர் தயாரித்த படங்கள்தான். சத்தம் போட்டே தமிழ்நாட்டைப் பயமுறுத்திய மனிதர், தன் பணத்தைப் போட்டு எடுத்த பயப்படத்தில் சத்தமே போடவில்லை. ஒரு பெண் மெல்லப் பாடுகிறாள், அவ்வளவுதான். தொழில் தெரிந்தவர். தன் சிரிப்பு எந்த இடத்தோடு நின்றுபோகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் அப்புச்சி நிறுத்துவது படத்தை இல்லை, பாட்டை. மெட்டு, இந்தியில் மதன்மோகன் போட்ட ‘நைனா பர்சே’. லதா மங்கேஷ்கர் பாடியதைத் தமிழில் பி.சுசீலா பாடினார். ‘பொன்மேனி தழுவாமல்’ பாட்டும் அப்படித்தான், அது ‘லக் ஜா கலே’. மெட்டை அப்படியே எடுத்துவிட்டார் என்று வேதாவைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. தயாரிப்பாளர்கள் இந்தி ரெக்கார்டைக் கையில் கொடுத்து இதே மாதிரி வேண்டும் என்று கேட்ட காலம் அது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’ என்று வரிசையாக வந்த படங்களுக்கும் வேதாதான் இசை. அங்கேயும் பல மெட்டுகளுக்கு இதே கதைதான். ஆனால் இரவல் மெட்டில் தமிழ் வார்த்தை துளிகூடத் துருத்தாமல் உட்கார்வது லேசான வேலை இல்லை. அதில் கண்ணதாசனுக்குப் பாதிப் பங்கு, அவர் எழுதியதைத் தமிழ்க் குரலாக்கிய சுசீலாவுக்கு மீதி.

பயம் எங்கிருந்து வருகிறது என்று பாட்டைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அந்த மெட்டில் மிரட்டல் ஒன்றுமே இல்லை. தாலாட்டு வேகம். இழுத்து நிறுத்தி, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் கேட்கிறவன் மூச்சு விட இடம் வைத்து நகர்கிறது. பாடுகிறவள் முறையிடவில்லை, சபிக்கவில்லை. வருவேன் என்று மட்டும் சொல்கிறாள், அதையும் அன்பாகச் சொல்கிறாள். இந்தியில் இதே பாட்டைத் துண்டு துண்டாக மூன்று இடத்தில் வைத்திருப்பார்கள். ஒருமுறை முழுதாகக் கேட்டு முடித்துவிட்டால் அது வெறும் பாட்டு. பாதியில் நின்று, இன்னொரு இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், படம் முடிந்த பிறகும் மிச்சம் எங்கேயோ இருக்கிறது என்று மனது காத்துக்கொண்டே இருக்கும். உங்கள் அப்புச்சி ரேடியோவை நிறுத்துவது அந்த மிச்சத்துக்காகத்தான் என்பது என் ஊகம்.

(அந்த இந்திப் பாட்டைப் படமாக்கும்போது லதாவுக்கு உடம்பு சரியில்லாமல் ரெக்கார்டிங் நடக்கவில்லை, மதன்மோகன் தானே பாடிக் கொடுத்த டேப்பை ஓட்டித்தான் படம் பிடித்தார்கள், பேயாக நடந்துவரும் பெண்ணுக்கு ஆம்பளைக் குரல் வருவதைக் கேட்டு வேடிக்கை பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நினைத்தாலே சிரிப்பு வருகிறது.)

ஆவி பாடுவது இந்திப் படங்களில் அதற்கு முன்பே பழகிப்போன வித்தை. 1949-ல் ‘மஹல்’ படத்தில் லதா பாடிய ‘ஆயேகா ஆனேவாலா’தான் அந்த வரிசைக்கே பிள்ளையார் சுழி. குரல் தூரத்திலிருந்து வருகிற மாதிரி கேட்பதற்கு, மைக்கிலிருந்து தள்ளி நின்று பாடிக்கொண்டே நெருங்கி வரச் சொன்னார்கள் என்பது பிரபலமான சேதி. 1962-ல் ‘பீஸ் சால் பாத்’ வந்தது. ‘யார் நீ?’ அந்த வம்சத்தில் வந்த பிள்ளை. இருந்தாலும் ‘மஹல்’ பார்த்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? எங்கள் பக்கத்தில் பேய் பாடிய முதல் பாட்டு என்றால் பெரும்பாலானவர்களுக்கு ‘நானே வருவேன்’தான்.

இனி கொட்டாய். என் தாய்மாமன் கோபி, பவானி வட்டாரத்து டூரிங் கொட்டாய்களில் ஆப்பரேட்டராக இருந்தவர். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அன்றைய புரொஜெக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளை நுனிக்கு நுனி நெருக்கி வைத்து, நடுவில் தாவுகிற மின்சாரப் பொறிதான் வெளிச்சம். குச்சி எரிய எரியத் தேயும், இடைவெளி அகலும், வெளிச்சம் மங்கிப் பழுப்பாகும். ஆப்பரேட்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் ஆட்டத்தில் தூக்கம் சொக்கும், கார்பனை மிச்சம் பிடிக்கச் சொல்லி முதலாளியும் தொணதொணப்பார். மங்கின வெளிச்சத்தில்தான் பாதிப் படம் ஓடும். டவுன் தியேட்டர்களில் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்து வந்த பிரிண்ட் வேறு.

இந்த மங்கலில் கறுப்பு வெள்ளைப் படம் என்ன ஆகும்? மரம், கார், சுவர், கதாநாயகன் போட்ட கோட்டு எல்லாம் இருட்டோடு இருட்டாகக் கரைந்துபோகும். வெள்ளைப் புடவை ஒன்றுதான் தப்பிக்கும். உருவம் நடப்பது தெரியாது. சீலை மட்டும் தானாக நகரும். “நா அந்த ரீலுக்கு மட்டும் வேணும்னே கார்பனைத் தள்ளி வெப்பேன் மாப்ள” என்று மாமன் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனவர் வாசலில் நின்றே சிரித்தார். படத்தை எடுத்தவர்களுக்கே தெரியாமல் ஒருவர் அதை மெருகேற்றியிருக்கிறார். இப்போது யூடியூபில் இருப்பது துடைத்து வெளுக்க வைத்த பிரதி. அதில் கல்லறைத் தோட்டத்துச் செடி எல்லாம் இலை இலையாகத் தெரிகிறது. பயம் எப்படி வரும்?

ஒரே புரொஜெக்டர் வைத்திருந்த கொட்டாய்களில் படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை விடுவார்கள், ரீல் மாற்றுவதற்காக. சும்மா இல்லை அந்த நேரம். மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் முன்னால் பார்த்தவன் ஒருவன் இருப்பான். “இனித்தான் இருக்குது பாருங்க” என்று ஆரம்பிப்பான். அடுத்த ரீலில் என்ன வரும் என்பதை அவன் திரையில் வருவதைவிடப் பயங்கரமாகச் சொல்லி முடித்திருப்பான். முறுக்கு விற்கிறவரும் தன் பங்குக்கு ஒன்று சேர்ப்பார்.

கொட்டாய்க்கு வராதவர்களுக்கும் படம் போய்ச் சேர்ந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி தெருத்தெருவாக வீடு ஒட்டி இருக்கிற ஊர்கள் நம்மிடம் குறைவு. அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் சாளை, அதாவது தோட்டத்து வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நாலு காடு கிடக்கும். ராத்திரி காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொட்டாயின் குழாய் ஸ்பீக்கர் கட்டிலில் படுத்திருக்கிறவன் காதில் வந்து விழும். திரை கிடையாது, வசனம் பாதி அறுந்து வரும், பாட்டு மட்டும் முழுசாக வரும். படம் பார்க்காமலே ‘யார் நீ?’க்குப் பயந்தவர்களை நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பயம்தான் கெட்டி. பார்த்தவனுக்குப் போலீஸ் வந்ததும் தெரியும். கேட்டவனுக்கு அவள் பாடியது மட்டும்தான் தெரியும்.

ஆட்டம் விட்டு நடக்கிற இட்டேரியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றாலும், இப்போது பாதி இட்டேரி தார் ரோடாகிவிட்டதால் சொல்லி வைக்கிறேன். ஒரு வண்டி போகிற அகலம். இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், அதன்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும். நிலா இருந்தாலும் உள்ளே இறங்காது. இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் வேலி, ஓட வேண்டுமென்றால் முன்னால் ஓட வேண்டும், இல்லையென்றால் வந்த வழியே ஓட வேண்டும். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரவர் தோட்டத்துக் கடவில் பிரிந்து போவார்கள். கடைசித் தோட்டத்துக்காரன் தனியாகத்தான் போயாக வேண்டும். கோயமுத்தூர் மில்களில் ராத்திரி ஷிப்ட் முடித்துச் சைக்கிளில் வந்தவர்களுக்கும் இதே பாடு. மோட்டாருக்குக் கரண்டு நடுராத்திரி வந்தால் தண்ணி கட்டப் போகிறவர்களுக்கும் இதே பாடு. சினிமாக்காரன் உண்டாக்கிய பயத்தை நம் ஊர் அமைப்பு தினமும் புதுப்பித்துக் கொடுத்தது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. யாரும் எழுதி நான் படித்ததில்லை.

பழைய ஆட்கள் பேசுகிற பேய்க் கதைகளைக் கவனித்தீர்களா? முனி அடித்தது என்பார்கள், காத்துக் கருப்பு பட்டது என்பார்கள். பெரும்பாலும் அது உச்சி உருமத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு, ஆளில்லாத புளியமரத்தடியில் நடக்கும். அது என்ன உடுத்தியிருந்தது என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். அதற்கு உடுப்பே கிடையாது. அடி விழும், காய்ச்சல் வரும், பூசாரி வந்து மந்திரித்துத் துண்ணூறு போடுவார், முடிந்தது. பேயை ராத்திரிக்கு மாற்றி, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, வெள்ளைப் புடவை கட்டி, பாடவும் வைத்தது சினிமாதான் என்று நினைக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் இது வந்திருக்கிறது. எழுத்தாளர் பஷீர் கதை எழுதி ஏ.வின்சென்ட் இயக்கிய ‘பார்கவி நிலையம்’ 1964-ல் வந்த மலையாளப் படம். அதிலும் வெள்ளைச் சேலைதான். பொள்ளாச்சி, கோயமுத்தூர்க்காரர்களுக்கு மலையாளப் படம் அந்நியம் இல்லையே.

ஆனால் வெள்ளைச் சீலை நம் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவருடையது. கொங்கு வேளாளர் வீடுகளில் கணவனை இழந்த பெண்கள் வெள்ளைச் சீலை உடுத்துவது பரம்பரை வழக்கம். இன்று குறைந்துவிட்டது. 1966-ல் அப்படி இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஓர் ஆத்தாவோ அமுச்சியோ (அம்மாவைப் பெற்ற பாட்டி) வெள்ளைச் சீலையில் இருப்பார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் போவார்கள், ராத்திரி எருமை கத்தினால் லாந்தரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் இருட்டில் நடமாடுகிற ஒரே ஆள் பல சமயம் அவர்தான். மற்ற ஊர்க்காரனுக்குத் திரையில் மட்டும் இருந்த உருவம், நம் வீட்டுப் பையனுக்கு விடிகாலையில் வாசலைக் கடந்து போயிற்று.

எங்கள் உறவில் ஓர் அமுச்சி இருந்தார். படம் பார்த்துவிட்டு வந்த பேரன் அவர் கட்டுத்தரையிலிருந்து வருவதைப் பார்த்துவிட்டு அலறியிருக்கிறான். அமுச்சி லாந்தரை உயர்த்தித் தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக் காட்டிவிட்டு, “நா பேயின்னா நாளைக்கி ஆருடா உனக்குக் களி கிண்டறது?” என்றாராம். வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொல்கிற கதை இது. எனக்கு அதில் சிரிப்பு மட்டும் இல்லை. கல்யாணத்தில் முன்னால் வராதே, எதிரில் வந்தால் சகுனம் சரியில்லை என்று அந்தப் பெண்களை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தோம். அதன்மேல் அவர்கள் கட்டிய துணியையே பேயின் சீருடை ஆக்கினது சினிமா. அப்படி எண்ணி எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுப்பாகத் தெரிவது வெள்ளை, அவர்கள் கணக்கு அவ்வளவுதான். ஆனால் படத்தைக் கொண்டாடுகிற நாம் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஜெயலலிதாவின் முதல் தமிழ்ப் படம் 1965-ல் வந்த ‘வெண்ணிற ஆடை’. அதில் கல்யாணம் ஆன கையோடு கணவனைப் பறிகொடுத்து மனம் பேதலித்த பெண்ணாக வந்தார். அடுத்த வருஷமே வெள்ளைச் சேலைப் பேய். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த கொட்டாய்க் கூட்டம் மனதில் என்ன முடிச்சுப் போட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படம் கொட்டாயை விட்டுப் போன பிறகும் பாட்டு நோம்பிகளில், அதாவது கோயில் திருவிழாக்களில், உயிரோடு இருந்தது. மாரியம்மன் கோயில் பூச்சாட்டு முடிந்து ஆர்கெஸ்ட்ரா வைத்தால், நடுச்சாமத்துக்கு மேல் யாராவது ஒருவர் சீட்டு எழுதி அனுப்புவார்: நானே வருவேன். உடனே மேடையில் ஒரு சடங்கு நடக்கும். பாடுகிற பெண் பச்சையிலோ சிவப்பிலோ பட்டுக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சோடா குடித்துக்கொண்டு நிற்பார். சவுண்டு மிக்ஸர் பக்கத்தில் இருக்கிறவர் எக்கோவைத் திருகி ஏற்றுவார், இன்னொருவர் டியூப் லைட்டை அணைக்கச் சொல்லிக் கை காட்டுவார். ஒரு ஹம்மிங் வரும். அவ்வளவுதான், முன்வரிசைப் பொடிசுகள் அம்மாக்களைத் தேடி ஓடும். பேய் எதிரிலேயே பட்டுப் புடவையில் நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடும், எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஓடுவார்கள். பயப்படுவதற்கென்றே அந்தப் பாட்டைக் கேட்டு வாங்குகிற பழக்கம் அது. உங்கள் அப்புச்சியே சீட்டு எழுதின ஆளாகவும் இருந்திருக்கலாம்.

லாரிக்காரர்கள் கதை தனி. சங்ககிரி, நாமக்கல் பக்கம் டிரைவர்களோடு டீக்கடையில் உட்கார்ந்தால் கட்டாயம் ஒன்று வரும்: ராத்திரி ரெண்டு மணி, தொப்பூர் இறக்கம் அல்லது திம்பம் கொண்டை ஊசி, வெள்ளைச் சீலையில் ஒரு பொம்பளை கை காட்டினாள், ஏற்றினேன், திரும்பிப் பார்த்தால் சீட்டு காலி. சொல்கிறவருக்கு நேர்ந்திருக்காது, அவர் மச்சானுக்கோ, பழைய கிளீனருக்கோ நேர்ந்திருக்கும். இந்தக் கதை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. வண்டியில் ஏறி மாயமாகிற ஆவியை அமெரிக்காவிலும் சொல்கிறார்கள், நாட்டார் கதை ஆராய்ச்சியாளர்கள் 1940-களிலேயே அங்கே இதைத் தொகுத்து எழுதிவிட்டார்கள். படம் அந்தக் கதையை எடுத்து முதல் காட்சி ஆக்கியது. டிரைவர்கள் படத்தை எடுத்துத் தங்கள் அனுபவம் ஆக்கினார்கள். ஒருமுறை ஒருவர் சொன்னபோது, அவள் ஏறியதும் வைப்பர் நின்றுபோனதாகச் சொன்னார். மழை பெய்ததா என்று கேட்டேன். “அதெல்லாம் இல்லீங்க” என்றார்.

கடைசியில் பேயே இல்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடித்த இடம். பெரியார் பிறந்த ஈரோடு நமக்குப் பக்கம். பேய் பிசாசு எல்லாம் புரட்டு என்று மேடை போட்டுப் பேசின காலம். படமும் அதையேதான் சொன்னது: பேய் என்று ஒன்றும் கிடையாது, சொத்துக்காக ஒருத்தன் ஆடின நாடகம். சொத்துக்காக ஒருவனைப் பைத்தியமாக்குவது நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும் சங்கதி. வரப்பை ஒரு முழம் தள்ளி வைத்ததற்கு இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்கள் எத்தனை! அந்த முடிவை யாரும் மறுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மறந்துவிட்டார்கள், அதுதான் வேடிக்கை. பழைய ரசிகர்களிடம் முதல் காட்சி கேட்டால் மழைத்துளி வரை சொல்வார்கள். திட்டம் போட்டவன் யார், எப்படி மாட்டினான் என்று கேட்டால், “அதென்னமோ வருமுங்க” என்று இழுப்பார்கள். விளக்கம் புத்திக்குப் போயிற்று, பாட்டு உடம்புக்குப் போயிற்று. பின்னால் ‘சந்திரமுகி’யிலும் இதேதான் நடந்தது. பேய் இல்லை, மனநோய் என்று அத்தனை விளக்கமாகச் சொல்லியும் ஊர் அதைப் பேய்ப்படம் என்றுதான் பேசுகிறது.

அடுத்து வந்தவர்கள் மேல் இதன் நிழல் விழுந்திருப்பதும் தெரிகிறது. 2012-ல் வந்த ‘பீட்சா’வில் வைரத்துக்காக ஒருவன் பேய்க் கதை கட்டுகிறான், பிறகு நிஜமாகவே மாட்டுகிறான். ‘யார் நீ?’ மூடி வைத்த கதவைத் திறந்துவிட்ட மாதிரி எனக்குப் பட்டது. 2022-ல் செல்வராகவன் தன் படத்துக்கு ‘நானே வருவேன்’ என்றே பெயர் வைத்தார், அதிலும் ஓர் ஆவி குழந்தையோடு பேசும். ஈரோட்டுக்காரர் சுந்தர் சி. எடுக்கிற ‘அரண்மனை’ வகையறா வேறு ஜாதி. அங்கே பேய்க்கு நியாயமும் உண்டு, கூடவே காமெடியும் உண்டு. குறை சொல்லவில்லை, குடும்பத்தோடு பார்க்கலாம். ஆனால் அவற்றில் பேய் கத்துகிறது. கத்துகிற பேயை வீட்டுக்குக் கூட்டி வர முடியாது.

நீங்கள் இன்னொரு தடவை பார்ப்பதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். தோட்டத்து வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல், செல்போனை வைத்துவிட்டு டிவியில் போடுங்கள். வெளிச்ச அளவை நன்றாகக் குறைத்து, கறுப்பும் சாம்பலும் கலந்துபோகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். இயர்போன் வேண்டாம், டிவியை முன் அறையில் ஓடவிட்டு ‘நானே வருவேன்’ வரும் நேரம் எழுந்து திண்ணைக்குப் போய்விடுங்கள், சத்தம் மட்டும் வரட்டும். அப்புச்சியைக் கூட உட்கார வைக்காதீர்கள், அவர் எப்படியும் நிறுத்திவிடுவார். பிடித்திருந்தால் அடுத்தது ‘வோ கௌன் தீ?’, அப்புறம் ‘பார்கவி நிலையம்’. வேதா இசையில் 1967-ல் ஏவி.எம். எடுத்த ‘அதே கண்கள்’ படத்தையும் பார்க்கலாம். அது கலர் படம், பேய் கிடையாது, கொலைகாரன் உண்டு, பாட்டெல்லாம் துள்ளும். அதை அப்புச்சியோடேயே பார்க்கலாம்.